காலம் கனியட்டும் என்று யாருக்குச் சொல்கிறீர்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை பற்றிக் கடந்த ஞாயிறு வெளியான கட்டுரையில், "குற்றப்பிரேரணை காலம் கனியும்வரை தொடக்கூடாத ஆயுதம்" என்று, ஜனாதிபதியைப் பதவி நீக்கப் பாராளுமன்றத்தில் கொண்டுவரும் பிரேரணையைப் பற்றி ஒரு வரி இருந்தது. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகப் போனவர்கள் அவசரப்பட்டுக் கெட்டார்களாம். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்தப் பிரேரணைக்குத் தலைமை தாங்கிய, பிரேமதாசவின் கட்சிக்காரர்களே ஆன லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் தோற்றது அவசரத்தால் அல்ல. பிரேரணை ஓகஸ்டில் சபாநாயகர் எம்.எச். முஹம்மதின் கைக்குப் போனதும் ஜனாதிபதி பாராளுமன்றக் கூட்டத்தொடரை நிறுத்திவைத்தார். பிரேரணையைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்டபின் ஜனாதிபதி சபையைக் கலைக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை. கூட்டத்தொடரை நிறுத்திவைக்க அந்தத் தடை கிடையாது. அந்த இடைவெளியில் கையொப்பமிட்ட சிலர் பின்வாங்கினார்கள். ஒக்டோபரில், செல்லுபடியான கையொப்பங்கள் போதாது என்று சபாநாயகர் பிரேரணையை நிராகரித்தார். தலைமை தாங்கியவர்கள் கட்சியையும் இழந்தார்கள், ஆசனத்தையும் இழந்தார்கள். தாமதம் யாருக்கு உதவியது, ஐயா?

அப்போது நான் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "ஜனாதிபதியை நீக்கச் சட்டம் இருக்கு எண்டீங்களே டீச்சர், கையெழுத்து வைச்ச ஆக்களெல்லோ வெளியில போயிட்டினம்" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை.

2022 மே 17 அன்று, அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மீதான அதிருப்திப் பிரேரணையை உடனே விவாதிக்கவே 119 பேர் மறுத்தார்கள்; 68 பேர்தான் வேண்டும் என்றார்கள். நாங்கள் எரிவாயு வரிசையில் நின்ற காலம் அது. இரண்டு மாதம் ஆகுமுன் அவர் நாட்டைவிட்டுப் போய்ச் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். பாராளுமன்றம் செய்ய வேண்டியதைத் தெருவில் நின்ற சனம் செய்தது.

ஆனால் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை நீக்கக் காலம் எவ்வளவு சுலபமாகக் கனிந்தது! 2012 நவம்பரில் பிரேரணை, 2013 ஜனவரி 11இல் 155 வாக்குகள். அப்போது இதைச் சுட்டிக்காட்டி உங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்கவில்லை. இடமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும். இத்தனை வருடமாக உங்கள் பத்திரிகையை வாசிப்பவளுக்கு அந்த மரியாதை கூடவா இல்லை?

அரசியலமைப்பின் 38(2) சொல்லும், ஜனாதிபதியை நீக்கும் வழி ஏற்கெனவே கடினமானது. 225 பேரில் 150 பேர் கையொப்பமிட வேண்டும். அல்லது குறைந்தது 113 பேர் கையொப்பமிட்டு, குற்றச்சாட்டு விசாரிக்கத் தக்கது என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பிறகு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப 150 வாக்கு. நீதிமன்றம் குற்றம் கண்டாலும் நீக்குவதற்கு மறுபடி 150. இவ்வளவு படிகளுக்கு மேல் "பொறுங்கள்" என்று பத்திரிகையும் சொன்னால், கையொப்பமிடத் தயங்கும் உறுப்பினருக்கு அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

தாங்கள் அறியாதது எதையும் நான் எழுதவில்லை. ஒரு சிறிய வேண்டுகோள்: அரசியலமைப்பின் 38(2)ஐயும் 70ஐயும் தமிழில் முழுமையாக ஒரு பெட்டிச் செய்தியாகப் பிரசுரியுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும், 1991 பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசறிவியல் ஆசிரியை