வெளிநாட்டில் வீடு: பதிவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வீடு வாங்குவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, விலை, வாடகை வருமானம், விசாச் சலுகை ஆகியவற்றை விரிவாகப் பேசிவிட்டு, பத்திரப் பதிவை ஒரே வரியில் கடந்துவிட்டது. அயல்நாட்டவராக வாங்குபவருக்குச் சிக்கல் தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முழுத் தொகையையும் செலுத்தி, சாவியைப் பெற்ற பிறகும் ஒருவர் சட்டப்படி உரிமையாளராகாமல் இருக்கக்கூடும். ஜெர்மனியில் நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் முடிந்தாலும், நிலப் பதிவேட்டில் பெயர் ஏறும்போதுதான் உரிமை கைமாறுகிறது. அதற்குள் விற்பவர் அதே சொத்தை வேறொருவருக்கு விற்றுவிடாதபடி, வாங்குபவருக்காகப் பதிவேட்டில் ஒரு முன்குறிப்பை ஏற்றிவைக்கிறார்கள். ஸ்பெயினில் நோட்டரி முன் கிரயப் பத்திரம் முடிந்து வீடு ஒப்படைக்கப்பட்டதுமே உரிமை மாறிவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதியாமல் விட்டுவிட்டால், விவரம் அறியாமல் அதே வீட்டை வாங்கி முந்திக்கொண்டு பதிந்தவருக்கு எதிராக நம் பத்திரம் செல்லாது. செலவுக்குப் பயந்து பதிவைத் தள்ளிப்போடுவது, என் கருத்தில், மிக விலை கூடிய சிக்கனம்.

தாய்லாந்தின் விதிகளைத் தனியாகவே சொல்ல வேண்டும். அங்கு அயல்நாட்டவர் பொதுவாக நிலத்தைச் சொந்தமாக வாங்க இயலாது. பதிவு பெற்ற அடுக்குமாடிக் கட்டடத்தில், வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை மட்டுமே அயல்நாட்டவர் பெயரில் இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர், தொகை வெளிநாட்டு நாணயமாகவே நாட்டுக்குள் வந்தது என்பதற்கு வங்கிச் சான்று காட்டினால்தான் நில அலுவலகம் பெயரை மாற்றும். வெளிநாட்டிலேயே தாய்லாந்து நாணயமான ‘பாட்’ ஆக மாற்றி அனுப்பியவர், பணம் முழுவதையும் கொடுத்திருந்தும் சான்றில்லாமல் நிற்பார். 49 சதவீதம் நிரம்பிவிட்டது என்றால், உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லும் தரகர்களும் உண்டு. அது பினாமி ஏற்பாடுதான். நிலத்துக்கு அப்படிச் செய்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

மெக்சிகோவிலோ, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் அயல்நாட்டவர் குடியிருப்புக்காக நேரடி உரிமை பெற முடியாது. வங்கி அறக்கட்டளை ஒன்றின் வழியாக, அதிகபட்சம் 50 ஆண்டுகளுக்கு, பயனாளியாக இருக்கலாம். அந்தக் காலத்தைப் புதுப்பித்துக்கொள்ளவும் முடியும். பதிவேட்டில் உரிமையாளராக இருப்பது வங்கியே.

நேரில் செல்ல இயலாமல் பொது அதிகார ஆவணம் அனுப்புவோர், 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் இடையே நடைமுறையில் இருந்தால், அதன்படி வழங்கப்படும் ‘அப்போஸ்டில்’ எனும் சான்று முத்திரை பெற்றால் போதும். இல்லையெனில் பெரும்பாலும் தூதரகச் சான்று தேவைப்படும். கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் வங்கித் தாளில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால், எத்தனை முத்திரை இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும்.

ஆகவே, ஒவ்வொரு நாட்டிலும் உரிமை எந்தக் கட்டத்தில் கைமாறுகிறது, வில்லங்க விவரத்தைத் தரகர் தரும் நகலை நம்பாமல் பதிவகத்திடமிருந்தே பெறுவது எப்படி என்பதை விளக்கி, தாங்கள் ஒரு தொடர் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்