பட்டா ஒரு பெயரில், உழைப்பு ஒரு பெயரில்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கதிர் வந்த சம்பா மூன்று ஏக்கரும் மழையில் சாய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் படிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அமெரிக்காவில் விவசாயிக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிறதாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். அயோவாவில் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் 600 ஏக்கர் பயிர் வைக்கிறார், சொந்தம் 120தான், மீதி குத்தகை. போன ஜூலையில் போனபோது சமையலறை மேசையில் ஒரு பெரிய படத்தை விரித்து வைத்திருந்தார், மேலிருந்து எடுத்தது, வயலுக்கு வயல் எண் போட்டிருந்தது. எதில் என்ன விதைத்தோம், எந்தத் தேதியில் என்று ஒவ்வொன்றாகப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். ஜூலை 15க்குள் கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, அதன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டுமாம். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று நம்ம ஊர் வி.ஏ.ஓ. எழுதும் அடங்கல்தான் இது, இங்கே எழுதுவது மட்டும் பயிர் வைத்தவரே.

விலை விழுந்தால் கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. 2018 விவசாயச் சட்டத்தில் மக்காச்சோளத்துக்கு ஒரு புஷலுக்கு, அதாவது சுமார் 25 கிலோவுக்கு, 3.70 டாலர் என்று வைத்தார்கள், 2025இல் அதை 4.10 ஆக்கினார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் வரும். ஆனால் இந்த வருஷம் விதைத்த பரப்புக்கு அல்ல, நிலத்தின் பேரில் பழைய கணக்கில் ஏறியிருக்கும் ஏக்கரில் 85 சதவீதத்துக்கு, அதுவும் அடுத்த வருஷம் அக்டோபரில்தான். கடன்காரன் அதுவரை காத்திருப்பானா?

2019இல் நடந்ததை இன்னும் பேசுகிறார்கள். சீனாவோடு வரிச் சண்டை வந்து சோயா விலை இறங்கியபோது ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை கொடுத்தார்கள், கவுண்டிக்கு ஒரு தொகை. எல்லைச் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, எதிர்ப்பக்கம் வேறு கணக்கு, மண் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு உன் ஞாபகம் வந்தது ஒரு விதியைக் கேட்டபோது. விளைச்சலில் பங்கு இல்லாமல் பணமாகவே கொடுக்கும் ரொக்கக் குத்தகை என்றால் இந்த அரசாங்கப் பணம் நிலக்காரருக்குக் கிடையாது, பயிர் வைக்கிறவருக்குத்தான். நஷ்டம் யார் தலையில் விழுமோ அவருக்கே பணம். விவசாயிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பி.எம். கிசானில் வருஷம் 6,000 ரூபாய் என்று 2019இல் அறிவித்தபோது நீ எத்தனை முறை அலைந்தாய்! நிலம் கோயில் பேரில், உன் தாத்தா காலத்துக் குத்தகை. சொந்தப் பேரில் நிலம் உள்ள விவசாயிக்குத்தான் அந்தத் திட்டம், அதனால் கோயிலுக்கும் பணம் இல்லை, உனக்கும் இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய நம் மாநிலத்தில் 1969லேயே சட்டம் வந்தாயிற்று. அப்படியிருக்க, அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கில் போட ஏன் மனசு வரவில்லை? எனக்கு மனசு தாங்கவே மாட்டேன் என்கிறது மாப்ளே.

இங்கேயும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பணம் வந்த வருஷமே நிலக்கார அம்மா குத்தகையை ஏற்றிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். 2025இல் இந்த மாநிலத்தில் சராசரிக் குத்தகையே ஏக்கருக்கு 270 டாலருக்கு மேல். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுக்கிறார். ஆனாலும் பணம் முதலில் அவர் கைக்கு வருகிறது, ஏறிய குத்தகைக்கு எதிராக நின்று பேச அவருக்கு ஓர் இடம் இருக்கிறது.

அப்புறம், இந்த வருஷ அடங்கல் உன் பேரில்தானே வாங்கினாய்? இன்சூரன்ஸ் கட்டிய ரசீதையும் அதையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவை. சாய்ந்த வயலையும் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள், தண்ணீர் வடிவதற்கு முன்னாடியே எடு. தை பிறந்ததும் வருகிறேன், இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்