தட்டு சுற்றிய வேகம் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் பழைய இசைத்தட்டுகள் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அந்தக் காலத்துப் பாடகர்கள் கீச்சுக் குரலில் அவசர அவசரமாகப் பாடி முடித்தார்கள், நிதானமெல்லாம் பிறகு வந்ததுதான் என்று கட்டுரையாளர் தீர்ப்புச் சொன்ன இடம் மீன்முள் மாதிரித் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் யூடியூப்பில் கேட்டு எழுதியிருக்கிறார் போலும். அங்கே கேட்பதில் பாதி பாடகர், மீதி இயந்திரம்.

அவசரத்துக்குக் காரணம் பலருக்கும் தெரிந்ததுதான். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். பன்னிரண்டு அங்குலமென்றால் நாலு, நாலரை. கோயில் திருவிழாக்களில் தோடி ராகத்தை நாதஸ்வரத்தில் மணிக்கணக்காக வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் தட்டென்று வந்தால் அந்த வட்டத்துக்குள்தான் நிற்கவேண்டும். கச்சேரியிலும் அப்படித்தான் பாடினார்கள் என்பது, பாஸ்போட் படத்தைப் பார்த்துவிட்டு இவருக்குக் காலே இல்லை என்று சொல்வதைப் போன்றது.

தட்டின் முடிவில் பாடகர் தன் பெயரைச் சொல்வதைத் தற்பெருமை என்றும் எழுதியிருக்கிறார். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறிப் போய், அங்கே தட்டாக அச்சாகித் திரும்பின. பாடியது யாரென்று அங்கிருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்காகச் சொன்னதுதான்.

இனிக் கீச்சுக் குரல். 1925 வரை ஒலிப்பதிவில் மைக் கிடையாது. பெரிய புனலுக்குள் முகத்தைக் கொடுத்துப் பாடவேண்டும். அந்த ஓசையின் அதிர்வே மறுமுனையில் ஊசியை அசைத்து மெழுகைக் கீறும். எடுப்பான குரல்தான் பதியும். நாடக மேடையிலும் மைக் இல்லாத காலம் அது. கிட்டப்பா போன்றவர்கள் கடைசி வரிசைக்கும் கேட்க உச்சத்தில் பாடிப் பழகியவர்கள். ஆக, கட்டுரையாளர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சமெல்லாம் வேகத்தின் வேலை. நிமிடத்துக்கு 78 சுற்று என்ற கணக்கில் எல்லாவற்றையும் "78" என்று பொதுப்பெயரில் சொல்கிறோமே தவிர, 1925க்கு முந்திய தட்டுகளில் பல அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 70க்கும் 80க்கும் இடையில், சிலது அதற்கும் மேலே. 72 சுற்றில் பதிந்ததை 78இல் ஓடவிட்டால் சுருதி அரைக் கட்டைக்கு மேல் ஏறிவிடும். இரண்டு கட்டைக்காரர் இரண்டரையைத் தாண்டிவிடுவார். மூன்றேகால் நிமிடம் பாடியது மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கீச்சும் அவசரமும் ஒன்றாகவே வந்து சேரும்.

எங்கள் வீட்டில் கைபிடி சுழற்றும் கிராமபோன் ஒன்று இருந்தது. அப்பா தட்டின் கீழே சிகரெட் பெட்டி அட்டைத் துண்டொன்றைச் செருகுவார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி சுற்றுக்கொரு தடவை அவர் விரலில் தட்டும். ஒரு நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் எண்ணி முடிக்கும்வரை வீட்டில் யாரும் பேசக்கூடாது. பிறகு வேக ஆணியை மயிரிழை மயிரிழையாகத் திருகுவார். "கமகம் குளிரிலை நடுங்குற மாதிரிக் கேட்டா வேகம் கூட, தம்பி" என்பார். கமகம் என்பது சுரத்தை அசைத்துப் பாடுவது. பாட்டோடு ஆர்மோனியமும் இருந்தால் வேலை சுலபம்: வீட்டு ஆர்மோனியத்தின் ஏதாவது ஒரு கட்டையில் அது வந்து உட்கார வேண்டும். இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கினால் அநேகமாக வேகம் பிழை.

அந்தத் தட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும்படி ஓரிடத்தில் கொடுத்தேன். எந்த இடம் என்பது வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே 78இல், அதுவும் பிற்காலத்து நீண்ட நேரத் தட்டான எல்.பி.க்குரிய ஊசியைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். பழைய தட்டின் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியின் முனை அதற்குரிய ஊசியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அடியில் போய் உட்கார்ந்துகொண்டு தூசியைத்தான் வாசிக்கும். கூலி கொடுத்து வாங்கி வந்து போட்டுப் பார்த்தால், யாரோ அரிசி புடைக்கிற சத்தத்துக்கு நடுவே இன்னொருவர் பாடுகிறார். இணையத்தில் கிடைக்கும் பலவற்றுக்கும் இதே கதிதான். பாடகரின் குரல் இப்படித்தான் இருந்தது என்று அதை வைத்து வரலாறு எழுதினால் என்னாவது?

இனிமேல் இப்படியான கட்டுரைகளில் தட்டின் லேபிள் எண்ணையும், எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்பா ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறார்: 74, 76, ஒன்றில் மட்டும் 81. கட்டுரையாளர் ஒரு நாள் கொட்டாஞ்சேனைப் பக்கம் வரட்டும். கைபிடியை நான் சுழற்றுகிறேன், அவர் எண்ணட்டும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகன்,
கொழும்பு 13