வாய்க்காலில் எறிந்த மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் தெருவில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, மனச்சோர்வுக்குச் சாப்பிட்டு வந்த மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று போன வாரம் தெரிந்தது. நிறுத்தச் சொன்னது அவள் மாமியார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன்.

என் மகள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தாள். நன்றாக இருந்தாள். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், "மாசமா இருக்கும்போது இதெல்லாம் ஆகாது" என்று மருந்துக்கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, அட்டையோடு வாய்க்காலில் எறிந்தேன். மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்த புதுசு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடிப்பெருக்கு வருவதற்குள் அவள் தூக்கம் போய்விட்டது. அன்றைக்குப் படித்துறைக்கும் வரவில்லை. நான் படைத்துவிட்டு வந்து, அவளுக்கு இலையில் எலுமிச்சை சாதம் வைத்துவிட்டு, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் போனேன். வெகுநேரம் கழித்துத் திரும்பினால், சாதம் வைத்தது வைத்தபடி. அவள் விரலில் ஒட்டிய பருக்கைகூடக் காய்ந்திருந்தது. "நான் இல்லாட்டியும் நீ இந்தப் புள்ளைய வளத்துடுவேல்லம்மா?" என்றாள்.

மறுநாள் காலையில் தஞ்சாவூரில் மனநல டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் திட்டவில்லை, பொறுமையாகச் சொன்னார். 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரை சாப்பிட்டு வந்த 201 கர்ப்பிணிகளைக் கவனித்தார்களாம். நிறுத்தியவர்களில் 100-க்கு 68 பேருக்கு நோய் திரும்பியது; தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 26 பேருக்கு. எல்லா மாத்திரையும் ஒன்றல்ல என்றும் சொன்னார். பராக்ஸடின் போன்ற சிலவற்றைக் கர்ப்பத்தில் கூடுமானவரை தவிர்ப்பார்கள். செர்ட்ராலினைப் பல வருஷமாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில குழந்தைகளுக்குப் பிறந்ததும் நடுக்கம், பால் குடிப்பதில் சிரமம் இருக்கலாம், பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆபத்தே கிடையாது என்று அவர் சொல்லவில்லை. நோயை அப்படியே விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் அதுவும் ஆபத்துதான் என்றார். இந்தக் கணக்கைப் போட வேண்டியவர் டாக்டர். அன்றைக்கு நான் போட்டேன்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள். தை கடைசியில் பேத்தி பிறந்தாள். இரண்டு நாள் கை கால் கொஞ்சம் நடுங்கியது, பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார்கள், நின்றுவிட்டது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுத்தாள். செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகத்தான் சேருமாம்.

ஒரு மனத்தாங்கல் உண்டு. மாதாமாதம் எடை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்து அட்டையில் எழுதினார்கள். "மனசு எப்படிம்மா இருக்கு, தூக்கம் வருதா?" என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கும்படி சுகாதாரத் துறையை உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணையும், அதாவது அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணையும், பெரிய எழுத்தில் போடுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

எங்கள் தெருப் பெண்ணை வருகிற திங்கட்கிழமை என் மகளே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகிறாள். மாமியாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் பெயரை மட்டும் போட வேண்டாம். மகளின் புகுந்த வீட்டில் எல்லோருக்கும் இது தெரியாது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்