ஐஸ் பெட்டி தந்த ஆச்சிக்கும், கைகொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள ஸ்ரீவைகுண்டத்துச் சொந்தங்களுக்கும், வெளியூரிலிருந்து விசாரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் வணக்கம்.

படங்கள் பிழைத்துவிட்டன. ஊரின் பழைய படங்களையும் பெரியவர்களின் பேச்சையும் சேர்க்கும் நாங்கள் உங்களிடம் வாங்கி வைத்திருந்து, வெள்ளத்தில் நனைந்துபோன படங்களைத்தான் சொல்கிறேன். எல்லாம் இல்லை, ஆனால் பெரும்பகுதி பிழைத்துவிட்டது. பார்க்கும் இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறீர்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சுப் பதிவுகளுக்கு ஒரு சேதமும் இல்லை. அவற்றின் பிரதி வெளியூரில் ஓர் உறவினர் வீட்டு ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தது.

வெள்ளம் வந்த 2023 டிசம்பர் 17, 18 எப்படிப் போனது என்று இங்கே எழுதப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையைப் பற்றியும், தாமிரபரணி தெருவுக்குள் வந்ததைப் பற்றியும் உங்களுக்குத் தெரியாதது என்னிடம் ஒன்றுமில்லை. ஸ்கேன் செய்வதற்காக நீங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்த அசல் படங்கள் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பாதிப் படங்கள்தான் அப்போது ஸ்கேன் ஆகியிருந்தன.

அந்தப் பெட்டியில் என்னவெல்லாம் இருந்தன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1923-இல் திறந்த நெல்லை - திருச்செந்தூர் ரயில் பாதையில் நீராவி எஞ்சின் ஓடிய காலத்துப் படங்கள் இருந்தன. வைகாசியில் ஒன்பது கருட சேவைக்காக ஆழ்வார்திருநகரிக்கு நம் ஊர்ப் பெருமாள் கள்ளபிரான் புறப்படும் காட்சி இருந்தது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான நம் ஊர் அணைக்கட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பையன்கள் இருந்தார்கள். 1992 வெள்ளத்தில் மூழ்கிய வயல்கள், கல்யாணம் முடிந்த கையோடு ஸ்டுடியோவுக்குப் போய் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட ஜோடிகள், பேர் தெரியாத குழந்தைகள், எல்லாம் அதில் இருந்தன.

தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் திறந்தோம். படங்கள் கட்டுக் கட்டாக ஒட்டிக் கிடந்தன. செல்போன் டவர் லேசாகக் கிடைத்த ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்று, சென்னையில் ஆவணப் பாதுகாப்பு வேலை செய்யும் ஓர் அம்மாவைப் பிடித்தோம். அவர் சொன்னது இவ்வளவுதான். படம் ஈரமாக இருக்கும்வரை பயமில்லை. ஒட்டினபடியே காய்ந்துவிட்டால் பிரிக்கவே முடியாது, தாளின் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு பிய்ந்து வந்துவிடும். அதற்காக ஈரத்திலேயே விட்டாலும் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். சுத்தமான தண்ணீரில் அலசி, கவரில் போட்டு, ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அவசரமில்லாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ரீசருக்கு எங்கே போவது? ஊரில் கரண்டே இல்லை.

இந்த இடத்தில்தான் ஆச்சி வந்தார். பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஆச்சி என்றே எழுதுகிறேன். கடற்கரை ஊரான புன்னைக்காயல் பக்கமிருந்து வரும் மீனை வாங்கி, தெருத்தெருவாக விற்பவர். உங்களில் பாதிப் பேர் வீட்டுக்குச் சாளையும் நெத்திலியும் கொடுப்பவர்தான். சாலை திறந்ததும், மறுபடி வியாபாரத்தைத் தொடங்கலாம் என்று பெட்டிக்கு ஐஸ் வாங்கி வைத்திருந்தார். திண்ணையில் வாளி வாளியாகப் படங்களை அலசிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து நின்றார்.

"என்னய்யா, படத்தையெல்லாம் ஊறப் போட்டிருக்கீய?"

விஷயத்தைச் சொன்னோம். அவரிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, "ஐஸுதான வேணும்? எம்பொட்டி இருக்குல்லா" என்றார்.

அப்புறம் நடந்ததை அப்படியே சொல்ல ஆசைப்படுகிறேன். தெர்மாகோல் பெட்டியை எங்கள் வாசலுக்கே தூக்கிவந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவினார். படத்தில் மீன் வாடை ஏறிவிடக் கூடாதாம். பார் ஐஸைச் சாக்குக்குள் போட்டுக் கட்டையால் நொறுக்கினார். அடியில் ஒரு வரிசை ஐஸ், அதன்மேல் சாக்கு, அதன்மேல் கவரில் போட்ட படங்கள், மறுபடி சாக்கு, மறுபடி ஐஸ் என்று அடுக்கினார். நாங்கள் அவசரத்தில் படங்களை நிறுத்தி வைத்தபோது கையைத் தட்டிவிட்டு, படுக்கப் போடச் சொன்னார். உருகும் தண்ணீர் தேங்காமல் வெளியேற அடியில் இருந்த ஓட்டையைத் திறந்து காட்டி, பெட்டியை ஒரு செங்கல் கொடுத்துச் சாய்த்து வைத்தார். கண்ணாடி நெகட்டிவ்களை மட்டும் ஐஸில் வைக்கக் கூடாது என்று சென்னை அம்மா சொல்லியிருந்ததைச் சொன்னதும், அவற்றைத் தனியாகச் சுவரோரம் நிறுத்த ஒரு பழைய தட்டுக்கூடையைக் கொண்டுவந்தார்.

வியாபாரம் என்ன ஆகும் என்று கேட்டோம். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. அரிசி போயிற்று, பாய் தலையணை போயிற்று. அந்த ஐஸ் அவர் கையிலிருந்த கடைசிக் காசில் வாங்கியது என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியும். அவர் சொன்ன பதில், "மீனு நாளைக்கு விக்கலாம். இது நாளைக்கு இருக்காதுல்லா."

கவரில் போட்ட ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் அடுக்காமலே நின்றார். யாரோ ஒரு பிரமுகரை மாலை போட்டு வரவேற்கும் படம். அதைக் கொடுத்த வீட்டார் மாலை வாங்குபவர் யார், பக்கத்தில் நிற்பவர் யார் என்று எல்லாப் பெயரும் சொல்லியிருந்தார்கள். ஆச்சி அவர்களைப் பார்க்கவே இல்லை. படத்தின் இடது ஓரத்தில், கூட்டத்துக்கு வெளியே, தலையில் சும்மாடு வைத்து கூடையோடு நிற்கும் இரண்டு பெண்களை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த எடத்துலதான் நாங்க ஒக்காருவோம். மரம் நிக்கு பாருங்க, அதுக்குக் கீழ. எங்க அம்ம காலத்துல மீன் கடையே இங்கதான்." அப்புறம் கரையிலிருந்து நடந்தே வந்த பெண்கள், வழியில் எந்தப் பனைவிளையில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள், கூடைக்கு என்ன குத்தகை வாங்குவார்கள், ஐஸ் இல்லாத காலத்தில் மீனின் மேல் ஈர மணலையும் இலையையும் போட்டு எப்படிக் கொண்டுவருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். எங்கள் கை ஐஸில் இருந்தது. ரெக்கார்டரை எடுக்கக்கூட முடியவில்லை.

நானும் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன். ஓரத்தில் நின்ற அந்த இரண்டு பெண்களைப் பற்றி யாரும் எங்களிடம் பேசியதில்லை. படம் கொடுக்க முடிந்தவர்கள் படம் எடுத்துக்கொள்ள முடிந்தவர்கள்தான். ஸ்டுடியோவுக்குப் போகச் சட்டையும், கூலியில் ஒரு நாளை விடும் வசதியும் இருந்த வீடுகளிலிருந்தே அந்தப் பெட்டி நிரம்பியது. மற்றவர்கள் அடுத்தவர் படத்தின் ஓரத்தில் தற்செயலாக நிற்கிறார்கள். அவர்களுடைய ஊர் படத்தில் இல்லை, வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது. சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கினால்தான் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிப் பொருள்கள் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்றாவது நமக்குத் தெரியும். ஆச்சியின் அம்மா நடந்த வழி இன்னும் சில வருஷம் போனால் எங்கும் இருக்காது.

சாலை முழுசாகச் சரியானதும் பெட்டியை அப்படியே வேனில் ஏற்றி நெல்லைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் உருகிய தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. அங்கே தன் கடை ஃப்ரீசரில் ஒரு பக்கத்தைக் காலி செய்து கொடுத்த ஐஸ்கிரீம் கடை அண்ணாச்சிக்கு நன்றி. படங்களை ஒவ்வொரு கட்டாக வெளியே எடுத்துக் குளிர் விட வைத்து, ட்ரேயில் மிதக்கவிட்டு, ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்துக் கொடுத்த பழைய ஸ்டுடியோ அண்ணாச்சிக்கு என்ன சொல்வது? டார்க் ரூம் மூடி வருஷக்கணக்கானாலும் அவர் விரலுக்கு எதுவும் மறக்கவில்லை. சட்டத்தோடு கண்ணாடியில் ஒட்டிப்போன படங்களைப் பிரிக்கவே விடாமல் தடுத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யச் சொன்னவரும் அவர்தான். பட்டர் பேப்பர் கட்டுக் கட்டாகக் கொடுத்த பேக்கரிக்காரர், கல்யாண மண்டபத்தைச் சும்மா திறந்துவிட்டவர், நைலான் கயிறு கட்டிக் கிளிப் மாட்டிய பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள், பேனா மையெல்லாம் கரைந்தும் பென்சில் எழுத்து மட்டும் தப்பிய பின்பக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எழுதிக் கொடுத்த தமிழ் டீச்சர், எல்லாருக்கும் நன்றி. மை கரைந்துபோன படங்களில் பலவற்றுக்கு, முன்பு பதிவு செய்த பெரியவர்களின் பேச்சைத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் பெயர்களை மீட்டோம். அதில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை.

படம் கொடுத்தவர்களுக்கு முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது. ஒருவர்கூட ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "எங்க வீட்டுல இருந்திருந்தா மொத்தமா போயிருக்கும்" என்றுதான் வீட்டுக்கு வீடு சொன்னீர்கள். அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை என்பதும் பிறகு தெரிந்தது. கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் சின்ன வயதுப் படம் என்று எல்லாவற்றையும் வெள்ளத்தில் விட்ட வீடுகள் உண்டு. அவற்றில் எங்களிடம் ஸ்கேன் இருந்தவற்றை அச்சுப் போட்டுக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். இன்னும் வந்து வாங்காதவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசு எதுவும் வேண்டாம்.

இனி அசல் எதையும் நாங்கள் ராத்தங்க வைப்பதில்லை. ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவோம், உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்துவிட்டு ஆணியில் திரும்ப மாட்டிவிட்டுப் போவோம். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று ஆற்றங்கரையை விட்டுத் தள்ளி இருக்கும். அதைவிட முக்கியமாக, சுவரில் படமே இல்லாத வீடுகளுக்கு முதலில் போவோம். மீன் விற்றவர்கள், வடகால், தென்கால் வாய்க்கால்களில் மடை பார்த்தவர்கள், பனை ஏறியவர்கள், வாழைத்தார் சுமந்தவர்கள், மீட்டர் கேஜ் பாதையில் கல் இறக்கியவர்கள், இவர்களின் பேச்சுதான் இந்த வருஷத்து வேலை. உங்கள் வீட்டுப் பக்கம் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், பேச அவர்களுக்குச் சம்மதமா என்றும் கேட்டு வையுங்கள்.

ஆச்சிக்கு ஐஸ் காசு கொடுக்கப் போனோம். வாங்கவில்லை. புதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அதை மட்டும் ரொம்ப நேரம் திட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பழைய படத்தில் ஓரத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு பிரதி கேட்டார், கொடுத்திருக்கிறோம். தைப்பூசம் கழித்து, மீன் வரத்துக் குறைவான ஒரு நாளாகப் பார்த்து ரெக்கார்டரோடு வரச் சொல்லியிருக்கிறார். கூட இன்னும் இரண்டு ஆச்சிமார்களையும் அழைத்து வைப்பாராம்.

எல்லாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

ஊர்ப் படங்களையும் பேச்சையும் சேர்ப்பவர்கள் சார்பில்,
ஸ்ரீவைகுண்டம், ஜனவரி 2024