பழைய காருக்குச் சில்லு வாங்குவோர் கேட்காமல் விடும் இலக்கம்

ஆசிரியர் அவர்கட்கு,

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரையிலான காலத்தில், திருகோணமலையில் எங்களைப் போன்ற பலர் ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகட்டுடன் கொட்டிலில் கிடந்த கார்களைத் திருத்தி வீதிக்குக் கொண்டுவந்தோம். எஞ்சினுக்கும் நிறப்பூச்சுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவிடும் நாம், சில்லுகளை மட்டும் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று வாங்கிவிடுகிறோம். அதனால் எனக்கு நேர்ந்ததை உங்கள் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தகப்பனார் விட்டுச்சென்ற டொயோட்டா கொரோலா டி.எக்ஸ். வாகனுக்குப் பாவித்த அலோய் ரிம்கள் நான்கினை வாங்கினேன். விற்றவர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள்: எத்தனை அங்குலம், எத்தனை ஓட்டை. 14 அங்குலம், நான்கு ஓட்டை என்றேன். எதிரெதிர் ஓட்டைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் 114.3 மில்லிமீற்றர் என்பதை நானே அளந்து பார்த்துத் திருப்தியடைந்தேன். பின்னாளில் வந்த முன்சில்லு இழுவைக் கொரோலாக்களில் அது 100 மில்லிமீற்றர் என்பதால், ஒரே பெயரைக் கொண்ட இரு கார்களின் ரிம்கள் ஒன்றுக்கொன்று பொருந்தமாட்டா என்பதை நான் அறிந்திருந்தேன். ரிம்மின் உட்புறத்தில் வார்க்கப்பட்டிருந்த 38 என்ற இலக்கத்தையோ நான் பொருட்படுத்தவில்லை.

அந்த இலக்கம்தான் ஓப்செட். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, சில்லு ஹப்பில் (சில்லைப் பூட்டும் அச்சு முனையில்) பதியும் முகம் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை அது மில்லிமீற்றரில் சொல்கிறது. அந்த முகம் வீதிப் பக்கமாக விலகியிருந்தால் இலக்கம் கூட்டலாகவும், காரின் உட்பக்கமாக விலகியிருந்தால் கழித்தலாகவும் குறிக்கப்படும். கூட்டல் இலக்கம் பெரிதாகப் பெரிதாகச் சில்லு மட்கார்ட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு போகும். பின்சில்லு இழுவைப் பழைய கார்கள் பலவற்றில் இது சிறிய இலக்கமாக இருக்க, முன்சில்லு இழுவைக் கார்களில் 35, 45 என்று பெரிதாக இருப்பது வழக்கம். கழற்றிய என் பழைய இரும்பு ரிம்களை அளந்தபோது அகலம் 5 அங்குலமும் ஓப்செட் 20 மில்லிமீற்றரளவும் இருந்தன. பாதி அகலமான 63.5 மில்லிமீற்றருடன் ஓப்செட்டைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், ஹப் முகத்திலிருந்து உட்பக்கமாக 83.5 மில்லிமீற்றரும் வெளிப்பக்கமாக 43.5 மில்லிமீற்றரும் அது பிடித்திருந்தது. புதிதாக வாங்கிய ரிம்மின் அகலம் 6 அங்குலம், ஓப்செட் 38. அது உட்பக்கமாகப் பிடித்த இடம் 114.2 மில்லிமீற்றர். ஒரே ஒரு அங்குலம்தானே அகலம் என்று நான் நினைத்திருக்க, உட்புறத்தில் 31 மில்லிமீற்றரளவு இடம் பறிபோயிருந்தது. முன்னால் ரயர் சொக் அப்சோபரில் உரசியது. பின்னால் ஸ்பிரிங் தட்டுக்கும் ரயருக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அகலம் 5½ அங்குலமும் ஓப்செட் அதே 20 மில்லிமீற்றரும் கொண்ட ரிம்மாக வாங்கியிருந்தால், இருபுறமும் ஆறு மில்லிமீற்றர் சொச்சம்தான் கூடியிருக்கும்.

இதற்கு அந்தக் கடையில் கிடைத்த தீர்வு, ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் செருகும் 15 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஸ்பேசர் தட்டு. செருகியதும் உரசல் நின்றது, நானும் நிம்மதியடைந்தேன். ஆனால் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட் ஏறும் ஸ்டட்கள் பழைய நீளத்திலேயே இருந்தன. 12 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் புரி இடைவெளியும் கொண்ட ஸ்டட்டில், நட் தன் விட்டத்தின் அளவுக்காவது, அதாவது எட்டு முழுச் சுற்றாவது ஏறியிருக்க வேண்டும். என் காரில் அது நான்கு சுற்று மட்டுமே ஏறியிருந்தது. இரண்டு வாரம் கழித்துக் குடும்பத்துடன் கந்தளாய்க்குச் செல்லும் வழியில், தம்பலகாமத்தைத் தாண்டுகையில் பின்பக்கத்தில் நடுக்கம் கேட்டு இறங்கிப் பார்த்தபோது, இடது பின்சில்லில் இரண்டு நட்கள் கையால் திருகக்கூடிய அளவுக்குக் கழன்றிருந்தன. பின்னிருக்கையில் என் பேரப்பிள்ளைகள் இருவர் இருந்தனர். அந்தக் காட்சியை நினைக்கும்போது இன்றும் என் கை நடுங்குகிறது.

நட்டிலும் வேறொரு தவறு இருந்தது. இரும்பு ரிம்முக்குரிய கூம்பு முனை நட்களையே அலோய் ரிம்மிலும் இட்டு இறுக்கியிருந்தார்கள். நட்டின் முனை ரிம் ஓட்டையின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும். டொயோட்டாவின் சொந்த அலோய் ரிம்கள் பலவற்றுக்குத் தட்டையான வொஷருடன் கூடிய நட்டும், ஹொண்டாவின் ரிம்களுக்கு உருண்டை முனை நட்டும் வேண்டும். நிசான், சுசுகி ஆகியவற்றின் ஸ்டட் புரி இடைவெளி 1.25 மில்லிமீற்றர் என்பதால், அவற்றின் நட்டை டொயோட்டாவின் ஸ்டட்டில் பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் பழுதாகும்.

14 அங்குலம் என்ற சொல்லும் தனித்து எதையும் சொல்லிவிடாது. பழைய 155 ஆர் 13 ரயரின் (அகலம் 155 மில்லிமீற்றர், ரிம் 13 அங்குலம்) முழு உயரம் ஏறத்தாழ 584 மில்லிமீற்றர். 14 அங்குல ரிம்மில் 185/60 ரயரை, அதாவது அகலம் 185 மில்லிமீற்றரும் பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதமும் கொண்டதைப் போட்டால் 578, 185/70 ரயரைப் போட்டால் 615. முன்னையது பழைய உயரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பின்னையதில் வேகமானி 60 காட்டும்போது கார் 63 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், திருப்பும்போது ரயர் மட்கார்ட்டில் தட்டவும் கூடும். பவர் ஸ்டியரிங் இல்லாத காருக்கு மிக அகலமான ரயர் பெரும் சுமை என்பதை, சந்தைப் பக்கம் ஒருமுறை காரை நிறுத்தி எடுத்தாலே தோள்கள் சொல்லிவிடும்.

சில்லை வெளியே தள்ளி வைப்பதும் பரிகாரமாகாது. ஓப்செட் மிகவும் குறைந்தால் சுமை பெயாரிங்கின் நடுவிலிருந்து விலகி விழும், ஸ்டியரிங் கனக்கும், ஒவ்வொரு குழியிலும் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

இலக்கம் வார்க்கப்படாத ரிம்மையும் வீட்டிலேயே அளக்கலாம். ரயரைக் கழற்றி, ரிம்மின் வெளிப்பக்கம் கீழாக இருக்குமாறு வைத்து, பின்விளிம்பின் குறுக்கே நேரான சட்டமொன்றைக் கிடத்தி, அதிலிருந்து ஹப்பில் பதியும் முகம்வரை அளந்துகொள்ள வேண்டும். விளிம்புகள் உட்பட ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியை அதிலிருந்து கழித்தால் கிடைப்பது ஓப்செட். 6 அங்குல ரிம்மின் மொத்த அகலம் விளிம்புகளுடன் ஏறத்தாழ 178 மில்லிமீற்றர் வரும். சட்டத்திலிருந்து அளந்த தூரம் 127 என்றால், அதில் 89 போக மிஞ்சுவது 38. உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோரத்தில் கிடந்த ரிம்மாயின், ரயர் பதியும் ஓரத்தில் உப்பு அரித்திருக்கிறதா என்பதையும் அப்போதே தடவிப் பாருங்கள். அரித்திருந்தால் காற்று நிற்காது.

பாவித்த ரிம் விற்கும் கடைக்காரர்கள் ஒவ்வொரு ரிம்மின் மீதும் அகலம், ஓட்டைத் தூரம், ஓப்செட் ஆகிய மூன்றையும் சோக்கினால் எழுதி வைக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். வாங்குவோரும் தம் காரின் பழைய ரிம் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், அருகருகே வைத்து அளந்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும். என் வாகன் இப்போது மீண்டும் இரும்பு ரிம்களில்தான் ஓடுகிறது. அந்த நான்கு அலோய் ரிம்களும் கொட்டிலில் இருக்கின்றன. பொருத்தமான காருள்ள எவரேனும் கேட்டு வந்தால், 38 என்று பெரிதாக எழுதியே கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.