பத்து மஸ்டாங் விலைக்கு ஒரு மஸ்டாங்

ட்ராய், மிச்சிகன்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார் என்று படித்தபிறகுதான் மனம் ஆறியது. மாடிப்படிக்கு அவசரம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். ஒர்க்‌ஷாப்பில் இரண்டாவது லிஃப்ட் போட்டதும் நல்ல காரியம். குழிக்குள் இறங்கி இறங்கி உன் இடுப்பு என்ன பாடு பட்டது என்று எனக்குத் தெரியும்.

'ஃபோர்டு கம்பெனியின் மஸ்டாங் ஜிடிடி என்று ஒன்று வந்திருக்கிறதாமே, ரேஸ் காரையே ரோட்டில் விட்டுவிட்டார்களாமே, அங்கே ஆட்கள் என்ன சொல்கிறார்கள்' என்று கேட்டிருந்தாய். வுட்வர்ட் ட்ரீம் குரூஸ் முடியட்டும், நாலு பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். நேற்று முன்தினம் அது நடந்தது. ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை, வருடம் தவறாமல். பெர்ன்டேலிலிருந்து பாண்டியாக்வரை வுட்வர்ட் ரோட்டோரம் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருக்கும். பழைய கார்கள் ஊர்ந்து போகும். அறுபதுகளில் இதே ரோட்டில்தான் இரவில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல்வரை பந்தயம் விடுவார்களாம். மசில் கார் என்ற சொல்லுக்கு இங்கே அதுதான் அர்த்தம்: சாதாரண காரில் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், பச்சை விளக்கு விழுந்ததும் நேராக ஒரு பாய்ச்சல். வளைவைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை.

அந்த ரோட்டோரத்தில்தான் ஜிடிடி ஒன்று நின்றிருந்தது. 2023 ஆகஸ்ட் 17 அன்று கலிஃபோர்னியாவில் இதை முதலில் காட்டினார்கள். இரண்டே நாள் கழித்து அந்த வருட ட்ரீம் குரூஸ். அன்று நாங்கள் எல்லோரும் போனில் படம் பார்த்துவிட்டு, இது கண்காட்சிக்குச் செய்த கான்செப்ட், இப்படியே ரோட்டுக்கு வராது என்று பேசிக்கொண்டோம். வந்துவிட்டது. அந்தப் படத்தில் இருந்த இறக்கை, பிதுங்கிய பக்கவாட்டு, எதுவும் குறையவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், உனக்கு அதுதான் வேண்டும். 5.2 லிட்டர் வி8, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர், 815 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் எஞ்சினோடு இல்லை, பின் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கார்பன் ஃபைபர் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். அதனால் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழ சரிபாதி. முன் டயரே 325 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 345. பாடியில் பெரும்பகுதி கார்பன். டிராக் மோடில் போட்டால் கார் 40 மில்லிமீட்டர் தரையை நோக்கி இறங்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பட்டைகளை, ஓய்வுபெற்ற எஃப்-22 போர் விமானத்தின் டைட்டானியத்தில் 3டி பிரிண்ட் செய்து, கேட்பவர்களுக்குத் தருகிறார்கள். பிரேக் கார்பன் செராமிக். நான் பார்க்கும் வேலையே பிரேக் என்பதால் சக்கரத்து இடுக்கு வழியாக அதையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின் சீட் கிடையாது. டிக்கியும் கிடையாது, அந்த இடத்தில் சஸ்பென்ஷனுக்கான ஹைட்ராலிக்கும் கியர்பாக்ஸ் கூலரும். பின் சீட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்து, சஸ்பென்ஷன் வேலை செய்வதைக் காட்டுகிறார்கள். என் மகன் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அவன் வயதுப் பையன்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

பெரியவர்கள் அப்படி இல்லை. முதல் பேச்சே விலைதான். 1964-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் மஸ்டாங் வந்தபோது விலை 2,368 டாலர். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பையன் வாங்க முடிந்த கார். இன்றும் சாதாரண மஸ்டாங் சுமார் 32,000 டாலருக்குக் கிடைக்கிறது. ஜிடிடி சுமார் 325,000-இல் ஆரம்பிக்கிறது. "பத்து மஸ்டாங் விலைக்கு ஒரு மஸ்டாங்" என்று என் பக்கத்து நாற்காலிக்காரர் மூன்று தடவை சொன்னார். அதுவும் பணம் இருந்தால் போதாது, விண்ணப்பம் போட்டு, கம்பெனி பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் கார். 2016-இல் மஸ்டாங் நம்ம ஊருக்கு வந்தபோது 65 லட்சம் என்று கேட்டு நீ ஒரு வாரம் புலம்பினாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி ஒரு வலி அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்த குறை கிளட்ச். எட்டு கியர் டூயல் கிளட்ச் மட்டும்தான், மேனுவல் கிடையாது. இடது காலுக்கு வேலை இல்லாத கார் என்ன மசில் கார் என்று ஒரு கூட்டம். இதில் எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. இந்த வேகத்தில் வளைவுக்கு நடுவே கை ஸ்டியரிங்கை விட்டு வரக்கூடாது. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை, 20.8 கிலோமீட்டர் மலைப்பாதையை, ரேஸ் டிரைவர் டிர்க் முல்லர் ஜிடிடியில் போன வருடம் 6 நிமிடம் 57.685 விநாடியில் ஓட்டினார். இந்த வருடம் அதே ஆள் 6:52.072. போன வருட ஓட்டத்துக்கு முன்னால் அமெரிக்க கம்பெனியின் ரோட்டுக் கார் எதுவும் அங்கே ஏழு நிமிடத்துக்குக் கீழே வந்ததில்லை. ஜூலையில் செவர்லே தன் கார்வெட் 6:49.275 போட்டுவிட்டதாக அறிவித்தது. அதிலும் ஓட்டியவர் தொழில்முறை ரேஸ் டிரைவர் இல்லை, அந்தக் கம்பெனியின் எஞ்சினியர். சனிக்கிழமை இந்தச் சண்டை சாயங்காலம்வரை ஓயவில்லை. ஆனால் கார்வெட் எஞ்சினை நடுவில் வைத்த ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் எஞ்சினைச் சுமக்கும் ஒரு மஸ்டாங் அதற்கு மூன்று விநாடி பக்கத்தில் நிற்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

ரேஸ் பார்க்கிறவர்கள் வேறொன்றைப் பேசினார்கள். ஜிடிடி என்ற பெயரே அமெரிக்காவின் இம்சா பந்தயத்தில் ஜிடி டேடோனா என்ற பிரிவிலிருந்து வந்தது. அங்கே ஓடும் மஸ்டாங் ஜிடி3-யில் 5.4 லிட்டர் எஞ்சின், சூப்பர்சார்ஜர் இல்லை. போன வருடம் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அது தன் பிரிவில் மூன்றாவது வந்தது. அந்த ரேஸ் காரில் ஓடும்போது மடங்கித் திறக்கும் இறக்கைக்கும், தானே மாறிக்கொள்ளும் சஸ்பென்ஷனுக்கும் விதியில் இடம் இல்லை. ரோட்டுக் காருக்கு அந்தப் பந்தய விதி எதுவும் இல்லாததால் இரண்டையும் வைத்துவிட்டார்கள். ரேஸ் காரைவிட ரோட்டுக் கார் ஒரு படி மேலே! இதைக் கேட்டு எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

சாயங்காலம் பிடிபட்டது. பர்மிங்ஹாம் பக்கம் நடந்து வரும்போது ஒரு பெரியவர் 1970 மஸ்டாங் பாஸ் 302 ஒன்றின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் நிறம். ரேஸ் டிரைவர் பார்னெல்லி ஜோன்ஸ் ஓட்டிய 15-ஆம் நம்பர் கார் இந்த நிறம்தான். என் மகனை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னார். தொட்டால் திட்டுவார்களோ என்று அவன் தயங்கினான். "கிளட்சை அமுக்கு தம்பி, கதவை நல்லா சாத்து" என்கிற மாதிரி அவர் இங்கிலீஷில் சொன்னார்.

செல்வா, அந்த கார் ஏன் பிறந்தது தெரியுமா? 1966-இல் டிரான்ஸ்-ஆம் என்று ஒரு பந்தயம் தொடங்கினார்கள். வளைவும் பிரேக்கும் நிறைந்த டிராக்குகள். எஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக்கூடாது. மசில் காரை வளைவில் ஓட்டுவது அப்போதே ஆரம்பித்தாயிற்று, ஜிடிடியைப் பார்த்து இது எங்கள் மரபு இல்லை என்கிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். இன்னொரு விதியும் இருந்தது. எந்தக் காரை ரேஸில் விடுகிறாயோ, அதையே குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்து ஷோரூமில் யாருக்கும் விற்றிருக்க வேண்டும். அதனால்தான் 1967-இல் செவர்லேயின் கமாரோ இசட்/28 வந்தது, முதல் வருடம் 602 கார். மார்க் டோனஹ்யூ 1968, 69 இரண்டு வருடமும் அதை வைத்து ஜெயித்தார். அதற்குப் பதிலடியாக வந்ததுதான் பாஸ் 302. 1969-இல் 1,628 கார், அடுத்த வருடம் ஏழாயிரத்துக்கும் மேல். 1970 பட்டம் ஃபோர்டுக்கு. டாட்ஜ் கம்பெனியின் சேலஞ்சர் டி/ஏ பிறந்ததும் இதே விதியால்தான்.

கம்பெனி மனமிரங்கி ரேஸ் காரைச் சாமானியனுக்குக் கொடுக்கவில்லை. விதி இருந்தது, அதனால் கொடுத்தது. அந்தப் பெரியவருக்கு அப்போது இருபத்திரண்டு வயதாம். யாரிடமும் விண்ணப்பம் போடவில்லை, கடனில் வாங்கினேன் என்றார். ஜிடிடியை உருவாக்கியவர்களுக்குக் கையைக் கட்ட விதி இல்லை. அதனால்தான் அது அவ்வளவு அற்புதமான எஞ்சினியரிங். அதனால்தான் அது எனக்கோ உனக்கோ கிடைக்கவும் கிடைக்காது. விலையைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களின் கோபம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் காரைத் திட்டுகிறார்கள். எனக்குக் காரின்மேல் கோபமே வரவில்லை. போனது அந்த விதி. திரும்ப வரவேண்டும் என்று ஆசைப்படுவது அதைத்தான்.

நடுவில் ஒரு தடவை நெருங்கி வந்தார்கள். 2014 கமாரோ இசட்/28. 7 லிட்டர், 505 குதிரைத்திறன், மேனுவல் கியர், சீட் பெல்ட் மணி அடிக்க மட்டும் ஒரே ஒரு ஸ்பீக்கர். எடையைக் குறைக்கப் பின் கண்ணாடியையே மெல்லியதாக்கினார்கள். ஜிடிடியின் ஷாக் அப்சார்பர் செய்யும் அதே மல்ட்டிமேட்டிக் கம்பெனிதான் அதற்கும் செய்தது. 75,000 டாலர் என்றதும் அன்றும் இதே கூச்சல். இன்று அந்த விலை எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது! கமாரோவும் சேலஞ்சரும் 2023 டிசம்பரோடு நின்றுவிட்டன. இந்த மூன்றில் மிச்சம் இருப்பது மஸ்டாங்தான்.

சரி, இங்கே செய்தி. மகனுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. பழைய கார் ஒன்று மேனுவல் கியரில் தேடுகிறோம், கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, உப்பைக் குறைத்திருக்கிறேன். ஊறுகாய் அனுப்பாதே, ஆசையாக இருக்கும். உன் மகள் எந்தப் பிரிவு எடுத்தாள் என்று எழுதவே இல்லையே? மெக்கானிக்கல் என்றால் சந்தோஷப்படுவேன்.

ஜனவரியில் பொங்கலுக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. செட்டிபாளையம் டிராக்கில் ஏதாவது ரேஸ் இருந்தால் ஒரு நாள் ஒதுக்கி வை, நாம் நின்ற அதே வேலியோரம் இவனையும் நிறுத்த வேண்டும். அந்த பாஸ் 302-ஐ ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்டு, சத்தத்தைப் போனில் பதிவு செய்திருக்கிறேன். இப்போது அனுப்ப மாட்டேன். ஒர்க்‌ஷாப் ஷட்டரை இறக்கிவிட்டு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்போம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி